எடை குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதும் அதற்குப் பின் உடம்பைத் தேற்றுவதும்

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள யோசிப்பவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்?" என்பதைத்தான். அதற்கு முன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: எந்த நோய்க்காக இதைச் செய்துகொள்கிறோம்? கட்டுக்குள் வராத சர்க்கரையா, தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறா, கொழுப்புக் கல்லீரலா, எடையைக் குறைத்தால்தான் முட்டி மாற்றுச் சிகிச்சை என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டாரா? எந்த வகை அறுவை பொருந்தும், எவ்வளவு அவசரம், காப்பீட்டுப் பணம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

அறுவை அரங்கில் ஆகும் நேரம் ஒன்று முதல் மூன்று மணி. அதற்குப் பிறகு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. இந்த இரண்டாவது பாதியைச் செய்ய முடியுமா என்று பார்த்துத்தான் முதல் பாதிக்குச் சம்மதிக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 158 செ.மீ. உயரமும் 92 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது 36.9. இந்தியர்களுக்கு இதே எண்ணில் ஐரோப்பியர்களைவிட வயிற்றுக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பதால், நம்மவர்களுக்கு வரம்பு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி, பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை இருந்து சர்க்கரை போன்ற நோயும் இருந்தால் பரிசீலிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம்.

காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு இதைவிடக் கடுமையானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிப்படி, வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35க்கு மேல் என்றால், எடையால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். மற்ற முறைகளில் எடை குறைக்க முயன்று பலிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். ஆகவே 33 பி.எம்.ஐ. உள்ள சர்க்கரை நோயாளிக்கு மருத்துவ நியாயம் இருந்தும் பணம் கிடைக்காமல் போகலாம். டயட்டீஷியன் சீட்டுகள், எடை குறித்த பழைய பதிவுகள், ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அறிக்கைகள், தூக்கப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் சேர்த்து, அறுவைக்கு முன்பே எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காக இதைச் செய்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். நோய் வந்து 5 ஆண்டுக்குள், இன்சுலின் போடாமல் மாத்திரையிலேயே இருப்பவருக்குச் சர்க்கரை மருந்தே இல்லாமல் கட்டுக்குள் வரும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 15 ஆண்டு நோயும் பல ஆண்டு இன்சுலினும் உள்ளவருக்கு மருந்து குறையும். நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணையத்தில் இன்சுலின் சுரப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை சி-பெப்டைடு பரிசோதனை காட்டும். அதைப் பார்க்காமல் "சுகர் முழுசா போயிடும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஊசி இருக்கும்போது கத்தி எதற்கு

நியாயமான கேள்விதான். வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025இலிருந்து இந்தியாவிலும் எடை குறைப்புக்காகக் கிடைக்கின்றன. பெரிய ஆய்வுகளில் செமாகுளூட்டைடு சராசரியாக உடல் எடையில் 15 சதவீதத்தையும், டிர்செபடைடு அதிகபட்ச டோஸில் 20 சதவீதத்தையும் குறைத்தன. அறுவையில் இது 25 முதல் 30 சதவீதம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது, அதனால் மாதச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். பி.எம்.ஐ. 30ஐ ஒட்டி இருப்பவர் முதலில் ஊசியை முயன்று பார்ப்பது சரி. 40ஐத் தாண்டியவருக்கு ஊசி மட்டும் போதாமல் போவது அதிகம். அறுவைக்கு முன் எடையைக் கொஞ்சம் இறக்குவதற்கு அது உதவும். எப்படியிருந்தாலும் ஊசி போட்டுக்கொண்டிருப்பதை மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும்.

சிலருக்கு "இப்போது வேண்டாம்" என்பதே சரியான பதில். தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து எடுக்காதவர், குடியை விட முடியாதவர், ஒரே மூச்சில் அளவில்லாமல் தின்று பிறகு வருந்தும் பழக்கம் உள்ளவர், ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்பவர் ஆகியோர் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு, அதற்குள் பெண்ணை மெலிய வைக்க வேண்டும் என்று அழைத்துவரும் பெற்றோரும் உண்டு. அது இந்தச் சிகிச்சைக்கான காரணமே அல்ல. அறுவைக்குப் பின் நாலாம் மாதம், முடி கொட்டி, முகம் வாடி, விருந்துச் சாப்பாட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்காத நிலையில் மணமேடையில் உட்காருவது அந்தப் பெண்தான்.

ஸ்லீவா, பைபாஸா

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவு முழுவதையும், அதாவது 75 முதல் 80 சதவீதத்தை, ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு குறுகிய குழாயை மட்டும் விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான். அதனால் பசியே மட்டுப்படுகிறது. குடலில் கை வைப்பதில்லை. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இதன் பெரிய குறை நெஞ்செரிச்சல்: ஏற்கெனவே இருப்பவருக்குக் கூடும், இல்லாதவருக்குப் புதிதாக வரலாம். குழாய்க்குள் அழுத்தம் அதிகமாவதால் அமிலம் மேலே ஏறுகிறது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண்ணோ பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியாவோ (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது) தெரிந்தால் ஸ்லீவ் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

பைபாஸில் (முழுப்பெயர் ரூ-என்-ஒய்) 30 மில்லி கொள்ளும் சிறு பையை இரைப்பையின் மேற்பகுதியில் பிரித்து, அதைச் சிறுகுடலில் நேரடியாக இணைக்கிறார்கள். சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது மேலானது. பதிலுக்கு இரும்பு, பி12, கால்சியம் உறிஞ்சப்படுவது குறைகிறது; இணைப்பில் புண் வரலாம்; குடல்கள் இடம் மாறிச் சிக்கும் உள்குடலிறக்கம் பல ஆண்டு கழித்தும் வரலாம். இந்தியாவில் அதிகம் செய்யப்படும் மினி பைபாஸில் ஒரே இணைப்புதான். நேரம் குறைவு, எடை இறக்கம் நன்று. பித்தநீர் இரைப்பைக்குள் ஏறுவதும், குடலை நீளமாகத் தாண்டிவிட்டால் புரதக் குறைவும் இதன் பிரச்சினைகள். கறி மீன் சாப்பிடாத, மாத்திரையும் ஒழுங்காக எடுக்காத ஒருவருக்கு நீளமான மினி பைபாஸ் ஆபத்தான தேர்வு.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. வயிற்றுக்குள் பலூன் வைப்பது அறுவையல்ல. வழக்கமாக 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடையும் பல பேருக்குத் திரும்பிவிடும்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவையால் ஒரு மாதத்துக்குள் உயிரிழப்பது ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை. பித்தப்பை அறுவைக்கு ஒப்பானது. இடம் சரியில்லாவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடை குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் இறந்தபோது அரசு விசாரணையே நடத்த வேண்டி வந்தது.

எனவே கூச்சப்படாமல் கேளுங்கள். அதே கட்டடத்தில் வெண்டிலேட்டருடன் ஐ.சி.யூ. உண்டா? இரவு 2 மணிக்கு மயக்க மருத்துவர் இருப்பாரா? சி.டி. ஸ்கேன் மேசை என் எடையைத் தாங்குமா? (இதைப் பலர் யோசிப்பதே இல்லை, தையல் கசிந்த இரவில்தான் தெரியவரும்.) கசிவு வந்தால் நீங்களே பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? ஸ்டேப்ளர் தோட்டாக்கள் (ஸ்டேப்ளரில் மாட்டும் பின் கட்டுகள்) புதியவையா? ஸ்லீவுக்கே ஐந்தாறு தோட்டாக்கள் ஆகும், பில்லில் பெரிய தொகை அதுதான். அவற்றின் ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மிகக் குறைந்த பேக்கேஜ் விலையைப் பார்க்கும்போது, எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ஹெச்.பி.ஏ.1.சி. எல்லா இடத்திலும் பார்ப்பார்கள். இரும்புச் சத்து, ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பு), பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் இப்போதே பார்த்துக் குறையைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊரில் பலருக்கு இவை முன்பே குறைவாக இருக்கின்றன, அறுவைக்குப் பின் ஏற்றுவது கடினம். எண்டோஸ்கோப்பியில் ஹெச். பைலோரி கிருமி இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். குறட்டை பலமாக விட்டுப் பகலில் தூங்கி வழிபவர் தூக்கப் பரிசோதனை செய்து, சி-பாப் கருவி (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்துவது) தேவைப்பட்டால் அறுவைக்கு முன்பே பழகி, மருத்துவமனைக்கும் எடுத்துவர வேண்டும்.

கடைசி 2 வாரம் கல்லீரலைச் சுருக்கும் உணவு: நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம். கொழுப்பேறிய கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் அறுவை மருத்துவருக்கு வழி தெரியும். "கடைசியாக ஒரு தடவை" என்று பிரியாணி விருந்து வைத்துக்கொள்பவர்களுக்கு அறுவை சிக்கலாகிறது, சிலருக்கு வயிற்றைத் திறந்து செய்ய நேர்கிறது.

இந்த 2 வாரத்தில் சர்க்கரை மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரும். கிளிமெபிரைடு, இன்சுலின் அளவை மருத்துவர் முதல் நாளே குறைக்க வேண்டும். டபாகிளிஃபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். சாப்பாடு குறைந்திருக்கும்போது அவை, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும். சிகரெட், பீடி 6 வாரம் முன்பே நிற்க வேண்டும். பைபாஸ் என்றால் அதற்குப் பிறகும் தொடவே கூடாது, இணைப்பில் புண் வருவதற்கு முதல் காரணங்களில் ஒன்று புகை.

வீட்டில் தயார் செய்ய வேண்டியவை சில: 30 மில்லி மருந்துக் கோப்பைகள், மெல்லிய வடிகட்டி, மிக்ஸி, சமையல் தராசு. இந்திய முறைக் கழிவறை மட்டும் உள்ள வீட்டில் முதல் 2 வாரத்துக்கு ஒரு கமோடு நாற்காலி வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் மூன்று நாள்

அறுவை முடிந்த அன்று மாலையே எழுப்பி நடக்க விடுவார்கள். வலிக்கிறது என்று மறுக்காதீர்கள். கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதுதான் ஆரம்ப நாட்களின் பெரிய பயம். அதற்காகவே காலுறையும் வயிற்றில் போடும் ரத்தம் உறையாமை ஊசியும். வீட்டுக்குப் போன பிறகும் ஊசியைத் தொடரச் சொன்னால் ஒரு நாளும் விடக் கூடாது. மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள், அது தவறு. உள்ளே உறிஞ்சித்தான் பந்தை எழுப்ப வேண்டும்.

தோளில் வலி வரும். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. இரண்டு மூன்று நாளில், நடக்க நடக்கக் குறைந்துவிடும். குறையாமல் கூடிக்கொண்டே போகும் இடத்தோள் வலி வேறு. தையல் கசிவின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, மூச்சு வாங்குவது, காய்ச்சல், ஏதோ சரியில்லை என்ற பதற்றம் ஆகியவை மற்ற அடையாளங்கள். பருமனான உடம்பில் வயிறு கல் போல் ஆவதெல்லாம் தாமதமாகத்தான் தெரியும். நாடித் துடிப்புதான் முதலில் சொல்லும். கசிவு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம் என்பதால், முதல் 3 வாரம் தினம் இருமுறை நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போக வேண்டாம். அறுவை செய்த இடத்துக்கே, அந்த இரவே போங்கள். ஒற்றைக் காலில் வீக்கமும் வலியும், கருநிற மலம், ரத்த வாந்தி ஆகியவற்றுக்கும் இதேதான்.

சாப்பாடு படிப்படியாக

மருத்துவமனைக்கு மருத்துவமனை ஓரிரு நாள் மாறும். உங்களுக்குக் கொடுத்த தாள் சொல்வதே இறுதி. பொதுவான போக்கு இது.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் ஆகாரம்: தண்ணீர், வடிகட்டிய தெளிவான சூப், காரமும் புளியும் குறைத்த ரசத் தெளிவு. 15 நிமிடத்துக்கு 30 மில்லி, அதையும் ஒரே மடக்கில் இல்லாமல். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து போகும். சோடா வகைகள் வேண்டவே வேண்டாம்.

அதன்பின் இரண்டாம் வாரம் முடிய கெட்டியான திரவங்கள்: பால், நீர்மோர், புரதப் பவுடர் கலந்த பால், அரைத்து வடிகட்டிய பருப்பு சூப். இங்கேதான் நம் வீட்டுச் சமையல் ஏமாற்றுகிறது. பருப்புத் தண்ணீர் சத்து என்று தெளிவை மட்டும் இறுத்துக் கொடுக்கிறார்கள். புரதமெல்லாம் அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசைக்குத் தேவையான முழுப் புரதம் அல்ல. கஞ்சியும் கூழும் மாவுச்சத்து. இளநீர் கொஞ்சம் குடிக்கலாம், ஆனால் அதையே நாள் முழுக்கக் குடித்தால் சர்க்கரைதான் சேரும்.

மூன்றாம், நான்காம் வாரம் மசித்தவை. குழைய வேகவைத்து அரைத்த பருப்பு, மசித்த பனீர், தயிர், நன்றாக மசித்த அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன். ஒரு வேளைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டிதான் இறங்கும். ஐந்து, ஆறாம் வாரத்தில் மென்மையானவை. இரண்டாம் மாத முடிவில் மெல்ல வழக்கமான உணவு. சோறு, பிரட், தோசை, பரோட்டா ஆகியவை பிசைந்த மாவாகத் திரண்டு குழாயில் அடைத்துக்கொள்ளும். காய்ந்த கோழி நெஞ்சுக்கறியும் அப்படித்தான். நடுநெஞ்சில் அடைப்பும், வாய் நிறைய நுரை உமிழ்நீரும் வந்தால் அந்த வேளையை அத்தோடு நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்த்தால் வாந்தியில்தான் முடியும்.

சாப்பிடும் முறை ஆயுளுக்கும் ஒன்றே. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. ஒவ்வொரு வாயையும் 20 முறைக்கு மேல் மெல்ல வேண்டும், 20 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. முடித்து அரை மணி கழித்துத்தான். இல்லாவிட்டால் உணவு கழுவிக்கொண்டு கீழே போய்விடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது. இடைப்பட்ட நேரத்தில் நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் குடித்துத் தீர்க்க வேண்டும். முதல் மாதத்தில் திரும்ப மருத்துவமனையில் சேருபவர்களில் நிறையப் பேர் வெறும் நீரிழப்பால் சேருகிறார்கள். சிறுநீர் கடும் மஞ்சளானால் அன்றைய கணக்கு குறைந்துவிட்டது என்று பொருள்.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7, 100 கிராம் பனீரில் சுமார் 18, 100 கிராம் மீனில் சுமார் 20. சைவர் ஒருவரின் மூன்றாம் மாதக் கணக்கு இப்படி வரும்: பால் 400 மில்லி (13), பனீர் 100 கிராம் (18), கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் (10), தயிர் 200 கிராம் (7), வே புரதப் பவுடர் ஒரு கரண்டி (24); மொத்தம் 72. பவுடர் இல்லாமல் சைவச் சாப்பாட்டில் இந்த எண்ணைத் தொடுவது முதல் ஆறு மாதம் ஏறக்குறைய நடக்காத காரியம். இரண்டு இட்லியில் 4 கிராம்தான் இருக்கிறது.

பைபாஸ் செய்தவர் பாயசம், ஜாங்கிரி, பழச்சாறு போன்றவற்றைச் சாப்பிட்டால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இனிப்பு மொத்தமாகக் குடலில் கொட்டுவதே காரணம். இன்னும் சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, அதிகமாகச் சுரந்த இன்சுலினால் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டும். இதற்குத் தீர்வு மேலும் மேலும் இனிப்பு தின்பதல்ல. அடுத்த வேளையில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது.

மாத்திரைகள்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதுவும் இரண்டாம் ஆண்டில், உடம்பு நன்றாக இருக்கும்போது. பொதுவாகக் கொடுப்பவை: முழு அளவு மல்டிவைட்டமின், பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி, கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், வைட்டமின் டி 3000 யூனிட், மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அது உங்களிடம் குறைவு. ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சப்படாது, அதனால் பிரித்துப் போட வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் 2 மணி நேரம். இரும்பு மாத்திரையைக் காபி, டீயுடன் விழுங்கினால் வீண். தைராய்டு மாத்திரை எடுப்பவர் இவை இரண்டிலிருந்தும் 4 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் உடனே ஒரு விஷயத்தை நினைவில் கொள்ளுங்கள்: தயமின் என்னும் பி1. உடம்பில் அதன் கையிருப்பு சில வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்த நிலையில், "களைப்பா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்று போனால், மீதமிருந்த பி1ஐயும் அந்தக் குளுக்கோஸ் தின்றுவிடும். இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், நினைவுக் குழப்பம் என்று மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோய் வரும். சில சமயம் அது நிரந்தரமாகிவிடும். டிரிப் போடும் எந்த இடத்திலும் "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது, முதலில் தயமின் ஊசி போடுங்கள்" என்று சொல்லுங்கள். உடன் வருபவருக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் ஆகியவை பைபாஸ் செய்தவருக்கு வாழ்நாள் தடை. ஸ்லீவ் செய்தவரும் தவிர்ப்பது நல்லது. மெடிக்கல் கடையில் "உடம்பு வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ, பாரசிட்டமாலோடு இவை கலந்த மாத்திரையோதான் கைக்கு வரும். தனிப் பாரசிட்டமால் என்று பெயர் சொல்லி வாங்குங்கள்.

பழைய மருந்துகளின் அளவும் மாறும். சர்க்கரை அறுவையான சில நாட்களிலேயே இறங்குவதால் மாத்திரை, இன்சுலின் அளவை வாரா வாரம் சரிபார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு நீரிழப்போடு சேர்ந்து தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது. சாதாரண வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வேலையும் நடமாட்டமும்

நடை முதல் நாளிலிருந்தே. நாற்காலி வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். பைக் ஓட்ட 2 முதல் 3 வாரம் ஆகட்டும், அதுவும் சட்டென பிரேக் பிடிக்கும்போது வயிறு வலிக்காவிட்டால். 6 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது: தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எல்லாம் இதில் அடக்கம். அதன்பின் எடைப் பயிற்சி அவசியம். நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. எடை திரும்புவதற்கு அதுவே பின்னாளில் வழி விடுகிறது.

மூன்றாம் மாதத்திலிருந்து

முடி கொட்டும். 3ஆம் மாதம் தொடங்கி 6ஆம் மாதம் வரை கொத்தாகவே வரும். வேகமான எடை இறக்கம் முடி வேர்களை ஓய்வுக்கு அனுப்புவதால் வருவது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் ஃபெரிட்டின் பாருங்கள். எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

எடை நின்று நின்றுதான் இறங்கும். மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒரு தேக்கம் பலருக்கும் வருகிறது. அதற்காகச் சாப்பாட்டை இன்னும் குறைப்பது தவறு. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் என்பதால் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையை 6 மாதம் கொடுப்பது வழக்கம். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். பி.சி.ஓ.டி. இருந்து ஆண்டுக்கணக்கில் கருத்தரிக்காதவர்கள் "நமக்கெல்லாம் எங்கே" என்று அலட்சியமாக இருப்பார்கள். எடை குறைந்த சில மாதத்திலேயே கருமுட்டை வெளியேறத் தொடங்கிவிடும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. காப்பர்-டி போன்றவை மேல். பிறகு கருத்தரிக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை: தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் மயங்கி விழலாம். சில நாட்கள் வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் முறையைக் கேளுங்கள்.

மது முதல் ஆண்டு முழுக்க வேண்டாம். ஒரு கிளாஸே மிக வேகமாக, பழைய அளவைவிடப் பல மடங்காக ஏறும். முன்பு குடிக்கு அடிமையாகாதவர்கூட அறுவைக்குப் பின் அடிமையாவது உண்டு. விரதம், நோன்பு இருப்பவர்கள் முதல் ஓராண்டு தள்ளிப் போடுங்கள், நீர் குடிக்காத விரதம் குறிப்பாக.

பரிசோதனைகள் 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு, அல்புமின். பைபாஸ் செய்தவருக்கு எந்த ஆண்டிலும் சாப்பிட்டபின் விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுப்பிடிப்பு இருந்தால் கேஸ் என்று விடாதீர்கள். குடல் சிக்கியிருக்கலாம், சாதாரண ஸ்கேனில் தெரியாது. கர்ப்பத்தின் பின்பாதியில் இது இன்னும் ஆபத்து. எந்த வகை அறுவை, தேதி, குடல் தாண்டிய நீளம், "வலி மாத்திரை வேண்டாம், முதலில் தயமின், மூக்குவழிக் குழாயை உள்ளே பார்க்காமல் செலுத்தக் கூடாது" என்று எழுதிய ஓர் அட்டையைப் பர்சில் வைத்திருங்கள்.

தொங்கும் தோலுக்கு அறுவை வேண்டுமென்றால் எடை ஒரே நிலையில் நின்ற பிறகுதான், பெரும்பாலும் 18 மாதத்துக்கு மேல். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் எடை ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். குறைந்ததில் கால் பங்குக்கு மேல் திரும்பினால் வெட்கப்பட்டு ஒளியாமல் அதே மருத்துவரிடம் போங்கள். முதலில் பார்ப்பது நொறுக்குத்தீனி, இனிப்புக் காபி, ஐஸ்கிரீம் போன்று குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கும் கலோரிகளை. அடுத்து எண்டோஸ்கோப்பியில் பையின் அளவை. அதன்பின் வாராந்திர ஊசி. மறு அறுவை கடைசி. அதன் ஆபத்து முதல் அறுவையைவிட அதிகம்.